ஒன்பதாம் நம்பர் மலை

ஒன்பதாம் பாதையில் பதினொரு பேர் இருப்பதாகத் திரை காட்டியது. இன்னும் வெளிவராத கேம் அது. அதற்குள் நடக்க, அதைச் செய்கிற சஞ்சீவனியையும் இல்ஹாமையும் தவிர யாருக்கும் வழி கிடையாது. இல்ஹாமோ அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான்.

கண்டி டவுனில் ஒரு புடவைக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது அந்தச் சின்ன ஒபிஸ். நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்து, ஹந்தானை மலைப் பக்கமிருந்து இறங்கிய பனி ஜன்னல் கண்ணாடியில் ஈரமாக அப்பி, கீழே பஸ் கொண்டக்டர்மார் ஊர்ப்பெயர் கூவும் சத்தத்தைக்கூட அமுக்கிவிட்டிருந்தது.

கேம் உலகத்துப் பாதைகளுக்குப் பெயரும் நம்பரும் வைப்பது அவள் வேலை. ஆடுகிறவனின் வீட்டு வாசலில் ஒன்றாம் பாதை தொடங்கும். தூரம் போகப் போக நம்பர் ஏறும். பெயருக்கு எங்கே போவது என்று யோசித்தவள், தான் பிறந்த தோட்டத்தையே தூக்கி வைத்துவிட்டாள். அங்கே தேயிலை மலைகளுக்கு நம்பர்தானே பெயர்.

ஆனால் அந்தத் தோட்டத்தில் எட்டுக்குப் பிறகு பத்துதான். அவள் பிறப்பதற்கு முன்னால் ஒரு அடைமழையில் ஒன்பதாம் மலை சரிந்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பதினொரு பெண்களை மூடிக்கொண்டது. ஒருத்தியின் உடம்பும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை அந்த நம்பரை வாயில் எடுப்பதில்லை. கூப்பிட்டால் அவர்கள் வேலைக்கு வந்துவிடுவார்களாம்.

இல்ஹாமுக்கு இந்தக் கதை தெரியாது. எட்டுக்குப் பிறகு பத்து வந்தால் ஆடுகிறவன் ஒன்பதைத் தேடியே அலைவான், ஒன்று போட்டுவிடு என்றான். படித்த பிள்ளை, பயமாக இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வெட்கம். நேற்று போட்டாள். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, மூலையில் அழகுக்கு ஒரு கொழுந்து. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

சரி, அழித்துவிடலாம். அழிக்கும் பட்டனை அமுக்கினாள். ஆட்கள் இருக்கும்போது பாதையை நீக்க முடியாது என்று வந்தது. இல்ஹாம் வைத்த விதி. மறுபடி அமுக்கினாள். அதே பதில். ஸ்பீக்கரிலிருந்து பட், பட், பட் என்று ஒரு சத்தம் கிளம்பியது. கொழுந்து கிள்ளுகிற சத்தம். அவள் அந்தப் பாதைக்குச் சத்தம் எதுவும் வைக்கவில்லை.

போன் அடித்தது. அம்மா, ராக்கம்மா. இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள், இந்நேரம் கொழுந்து நிறுக்கப் போயிருக்க வேண்டும்.

"எங்கம்மா நிக்கிறீங்க?"

"மலையிலதான். மத்தியானத்துக்கு மேல புது மலைக்கு அனுப்பிட்டாங்க. கொழுந்து இடுப்பு ஒசரத்துக்கு நிக்குது."

"எந்த நம்பர்?"

"ஒன்பது. போர்டு போட்டிருக்கு. பச்சை போர்டு. மூலையில ஒரு கொழுந்துகூட வரைஞ்சிருக்கு."

அந்த நம்பரைக் காதில் கேட்டாலே காறித் துப்புகிற அம்மா, தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி அதைச் சொன்னாள். தான்தான் அம்மாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம் என்பது சஞ்சீவனியின் நெஞ்சில் கல்லாக இறங்கியது.

"கூடையைப் போட்டுட்டு எறங்குங்கம்மா. இப்பவே."

பட், பட். போனிலும். ஸ்பீக்கரிலும். ஒரே நேரத்தில்.

திரையில் பதினொன்று, பன்னிரண்டு ஆனது.

பாதையைத் திறந்தாள். பனி. அவள் வைக்காத பனி. தேயிலைக்குள் முதுகு காட்டி வரிசையாகப் பெண்கள். கடைசியில் ஒரு நீல ஸ்வெட்டர். தீபாவளிக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. ஒரு கை காதில், போனோடு.

அறையில் ஈர மண் வாசம்.

"எறங்க வழியில்ல சாமி," என்றாள் அம்மா. "ஒனக்கும் கொழுந்தெடுக்க ஒரு நெரை புடிச்சு வச்சிருக்கேன்."

பெண்கள் திரும்பினார்கள். ஒவ்வொருத்தியாக. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சேறு.

கடைசியாக, நீல ஸ்வெட்டர்.

அதன் பக்கத்தில் ஒரு தேயிலை நிரை காலியாக இருந்தது. நிரையின் தலைப்பில் ஒரு வெறும் கூடை, ஈரம் சொட்டச் சொட்ட.