நாலாவது பலகை

தொண்டாமுத்தூரில் தம்பிதுரையின் தென்னந்தோப்புக்குள் அந்த லாரி வந்து நின்றபோது காலை பத்து மணி இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதில் நடந்தது எல்லாமே பகலில்தான் நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

லாரியில் வந்தது ஒரு பழைய மரப்படகு, துண்டு துண்டாகப் பிரித்தது. தம்பிதுரைக்கு அதுதான் தொழில். கடற்கரையில் கழித்துப்போட்ட படகுகளை வாங்கி வந்து, தோப்புக்குள் இருந்த பட்டறையில் மேசை, நாற்காலி, பெஞ்சு என்று செய்து ஆர்.எஸ்.புரத்துக் கடைக்கு அனுப்புவார். தொண்ணூற்று நாலில் கோயமுத்தூர்ப் பெரிய வீடுகளில் அது ஒரு பைத்தியமாகவே இருந்தது. ஆனால் இந்தப் படகு கடைக்கு இல்லை. ஒரே மகள் பிரவீனாவுக்குத் தையில் கல்யாணம். சீரோடு போகிற கட்டிலை இந்த மரத்தில்தான் செய்ய வேண்டும் என்று மனுசன் ஒற்றைக்காலில் நின்றார்.

"கொங்கு நாட்டுலயே எவனும் பொண்ணுக்குப் படகுக் கட்டில் குடுத்திருக்க மாட்டான். சம்பந்தி ஊட்டுக்காரங்க வாயைப் பொளக்கோணும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

பட்டறையில் இருபது வருசமாக வேலை செய்த மாசாணம் ஒரு பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இதென்னுங்க மொதலாளி, வெறகாட்டம் காஞ்சு கெடக்குது? படகு மரமாட்டவே இல்லீங்களே."

"பதினோரு வருசமா ஒரு சொட்டுத் தண்ணி படலியாமா. நாலு பேரு கடலுக்குப் போயி, படகு மட்டும் திரும்பி வந்துச்சாம். கூரை போட்டு உள்ளாற வெச்சிருந்தாங்க. வித்த பொம்பளையோட ஊட்டுக்காரனும் அதுலதான் போயிட்டானாம். தண்ணியில மட்டும் போட்டுறாதீங்கன்னு கையெடுத்துக் கும்புட்டா. தண்ணியிலயே பொழங்குன மரத்துக்குத் தண்ணி ஆகாதாமா! நல்ல கூத்து போ."

கடலோடு பிழைக்காத ஊர்க்காரனுக்குத்தான் அப்படிச் சிரிக்கத் தோன்றும். மாசாணம் சிரிக்கவில்லை.

படகு மரத்தில் உப்பு ஊறிக் கிடக்கும். அதை எடுக்காமல் வேலை செய்தால் ஆணி துருப்பிடிக்கும், பாலிஷ் கொப்பளித்துக்கொண்டு உரியும். அதனால் மூன்று வாரம் நல்ல தண்ணீரில் ஊறப்போடுவது பட்டறை வழக்கம். அதற்கென்று சிமெண்டுத் தொட்டி இருந்தது. ஆனால் இந்தப் படகில் ஆட்கள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற பலகைகள் நாலு, ஒவ்வொன்றும் ஏழடி நீளம். தொட்டிக்குள் அடங்கவில்லை. அறுக்கத் தம்பிதுரைக்கு மனசு வரவில்லை. முழுசாக அப்படியே கட்டிலுக்குப் போட வேண்டும் என்று ஆசை. கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கச் சொன்னார்.

"நாம குடிக்கற தண்ணீங்க" என்றான் மாசாணம்.

"எம்பதடிக் கெணத்துல துளியூண்டு உப்பு என்ன பண்ணிப்போடும்? எறக்கு."

இறக்கினார்கள். அந்தத் தோப்பில் இருந்ததே நாலு பேர்தான். தம்பிதுரை, அவர் மனைவி செல்லாத்தாள், பிரவீனா, மாசாணம். நாலு பேரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். காப்பி லேசாக உப்புக் கரிக்கிறது என்று செல்லாத்தாள் சொன்னாள். யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் மாசாணம் வந்து நின்றான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"காத்தால கெணத்துத் தண்ணி பன்னண்டாம் படியில இருந்துச்சுங்க. இப்ப ஒம்பதாம் படிக்கு வந்துபோச்சு. நேத்தும் இப்படித்தானுங்க. ஏறுது, எறங்குது. மழையுமில்ல, மோட்டாரும் போடல."

"ஊத்துக் கண்ணு தொறந்திருக்கும்."

"கருவாட்டு நாத்தமும் அடிக்குதுங்க."

தம்பிதுரை போய் எட்டிப் பார்த்தார். தண்ணீர் கல்லில் மோதி, பின்வாங்கி, மறுபடி மோதியது. காற்றே இல்லை. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. அப்போதாவது பலகையை மேலே எடுத்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

மூன்று வாரம் கழித்து எடுத்தார்கள். கட்டிலும் தயாரானது. நாலு பலகையிலும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த பள்ளம். மாசாணம் இழைப்புளி போட்டுச் சமப்படுத்துவான். மறுநாள் காலையில் பள்ளம் அப்படியே இருக்கும். நாலாம் முறை இழைத்துவிட்டு அவன் இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"மரத்துக்கு மனசில்லீங்க" என்றான்.

பிரவீனாவுக்குக் கட்டிலைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். ஒரு மத்தியானம், அம்மா சத்தம் போடப் போட, பட்டறைக்குள்ளேயே அதில் ஏறிப் படுத்துவிட்டாள். சீர்க் கட்டிலில் கல்யாணத்துக்கு முன்னால் படுக்கக் கூடாது என்று செல்லாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவளே போய் எழுப்பினாள்.

மகளின் தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

தலையணை காய்ந்து கிடந்தது.

"நல்லா ஆடுதுங்கப்பா, தூளியாட்டம்" என்று வாசலில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள் பிரவீனா. "கனாவுல நாலு பேரு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தாங்க. நான் போனதும் ஒருத்தரு எந்திரிச்சு எனக்கு எடம் குடுத்தாருங்க. அழுதாரு. சந்தோசமா அழுதாருங்கப்பா."

அன்று சாயங்காலமே இருமல் ஆரம்பித்துவிட்டது. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்த பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டார். நுரையீரலில் தண்ணீராம். எடுத்துப் பார்த்தால் உப்புத் தண்ணீராம்.

"என்ற புள்ள கடலைப் பாத்ததே இல்லீங்களே" என்று தம்பிதுரை அழுதார்.

அப்போதுதான் அவருக்கு அந்தக் கும்பிட்ட கை ஞாபகம் வந்தது. செல்லாத்தாளை மகள் பக்கத்தில் விட்டுவிட்டு, அன்றைக்கே, படகு வாங்கிய நாகப்பட்டினத்துக்கு பஸ்ஸைப் பிடித்தார். என்ன செய்தால் பிள்ளை பிழைப்பாள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும். வேறு எதுவும் அவர் மண்டையில் ஓடவில்லை.

போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. படகு இருந்த இடத்தில், அதை விற்ற காசில் செங்கல் சுவர் இடுப்புயரம் எழும்பியிருந்தது. அந்தப் பெண் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டாள்.

"நனைச்சுட்டீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"எதுல?"

"குடிக்கற கெணத்துலங்க."

"அந்தத் தண்ணிய எத்தனை பேரு குடிச்சீங்க?"

"நாலு பேருங்க."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் குடிசை வாசலைக் காட்டினாள். சாணி மெழுகிய தரையில் ஈரக் காலடிகள், கடல் பக்கமிருந்து வந்து கதவு வரைக்கும்.

"இன்னிக்கு விடிஞ்சப்ப கெடந்துச்சு. வெயில் ஏறியும் காயல. என் வீட்டுக்காரரு அடி எனக்குத் தெரியாதா ஐயா? பதினோரு வருசம் கழிச்சுக் கரையேறிட்டாரு." அவள் இவர் பக்கம் திரும்பினாள். "அவரு எடத்துல யாரு உக்காந்தா?"

தம்பிதுரை செருப்பை விட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் யாரோ செல்லாத்தாளைக் கூப்பிட்டுவர அரை யுகம் ஆனது.

"விடியக்காலம் ஆறு மணிக்கே போயிட்டாளுங்க" என்றாள் செல்லாத்தாள். அவள் அழக்கூட இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் மாசாணம் கோடாலியோடு பட்டறைக்குள் போனான். தான் தூக்கி வளர்த்த பிள்ளையைக் கொன்ற கட்டிலை விறகாக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரே ஒரு வெட்டுச் சத்தம் கேட்டது.

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது பலகையில் அவன் உட்கார்ந்திருந்தான். துடுப்புப் போடுகிறவனைப் போல முன்னால் குனிந்திருந்தான். சட்டை காய்ந்திருந்தது. நிமிர்த்தியபோது வாயிலிருந்து தண்ணீர் குடம் கவிழ்த்ததுபோல் கொட்டியது.

தம்பிதுரை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். எண்ணெய் எரிந்தது. மரம் எரியவில்லை. பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். அதன்பின் செல்லாத்தாளை ஒரு நிமிசம் தனியாக விடவில்லை. எனக்கு மிஞ்சியது இவள் ஒருத்திதான், இவளையாவது விட்டுவிடு என்று கும்பிடாத சாமி இல்லை. அவளோ தினமும் பட்டறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள தனியா இருக்குதுங்க. மாசாணம் இருந்தாலும் வேத்தாளுதானுங்களே. தலை துவட்டி உட ஆளில்லாம ஈரத்தோட உக்காந்திருக்குமுங்க."

"அப்படிப் பேசாத அம்மணி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மதியம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார். காப்பி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அவளைக் காணவில்லை. பட்டறைப் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. திறந்தார்.

மூன்றாவது பலகையில் செல்லாத்தாள். மடியில் காய்ந்த துண்டு ஒன்று மடித்து வைத்திருந்தது.

அதற்குப் பிறகு தம்பிதுரை சோமனூரில் மைத்துனன் வீட்டுக்கு ஓடினார். அங்கே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் குடிக்கிற தண்ணீர்தான், குழந்தைகளும் மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயில் மட்டும் அது கடலாக இருந்தது. மறுநாளும் கரித்தது. மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் தோப்புக்குத் திரும்பினார். இனி எங்கே ஓடி என்ன ஆகப்போகிறது?

உச்சி வெயில். கிணற்றில் தண்ணீர் முதல் படிக்கு ஏறியிருந்தது. அலை கல்லில் மோதுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பட்டறைக் கதவு திறந்தே கிடந்தது.

கட்டில் நடுவில் இருந்தது. மூன்று பலகைகள் ஈரம். நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. நாலாவது பலகை மட்டும் காய்ந்து கிடந்தது. தம்பிதுரை பக்கத்தில் போய் அதில் கை வைத்துப் பார்த்தார். சூடாக, விறகுபோல இருந்தது.

மூன்றாவது பலகை கிறீச்சென்றது. யாரோ கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த சத்தம். டவுன் பஸ்ஸில் அவர் ஏறியதும் செல்லாத்தாள் இப்படித்தான் நகர்ந்து இடம் விடுவாள்.

அவர் கைக்கு அடியில் மரம் சில்லென்று ஆனது.