பூசணியின் வாயில் ஒரு பந்து

காலை ஏழு மணி. டயர்க்கடை முதலாளி தன் வீட்டுப் பின்முற்றத்தில் மல்லாந்து கிடந்தார். தொண்டையில் நான்கு ஓட்டைகள். உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் அவற்றின் வழியே சிமெண்ட் தரைக்கு இறங்கிவிட்டிருந்தது.

பத்தடி தள்ளி, கூண்டுக்குள், வீட்டார் பூசணி என்று கூப்பிடும் ராட்வீலர் நாய் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மார்பெல்லாம் ரத்தம். வாயில் ஒரு ரப்பர் பந்து.

“மனுஷனைக் கொன்னுட்டுப் பந்து விளையாடுது பாருங்க மேடம்!” என்று செத்தவரின் மைத்துனர் ஏணி உச்சியிலிருந்து கத்தினார்.

“நீங்க முதல்ல இறங்குங்க” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

“ஊசி போட்டு முடிங்க, இறங்குறேன்.”

கால்நடை டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். கூண்டுக்கு முன்னால் கைகளை விரித்து மறித்து நின்றாள் செத்தவரின் மனைவி.

“புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன் டாக்டர். அவர் கையாலதான் சாப்பிடும். அவரைப் போய் கடிக்குமா?”

“கடிக்காத ஜாதின்னு ஒண்ணு கிடையாதும்மா. பொமரேனியன் கடிச்சா தையலோட போச்சு. இந்தத் தாடை கடிச்சா எலும்பும் மிஞ்சாது. அதான் வித்தியாசம்.”

இன்ஸ்பெக்டரம்மா பிணத்தருகே குந்தினார். ஏதோ உறுத்தியது.

“டாக்டர், வெறியில கடிக்கிற நாய் எப்படிக் கடிக்கும்?”

“பிடிச்சு உதறும். சதை தாறுமாறா கிழியும்.”

“இங்க கிழியலையே.”

டாக்டர் குனிந்து பார்த்தார். “ஆமா. ஒரே பிடி. அழுத்தமா பிடிச்சு, சுத்தமா விட்டிருக்கு. பழக்கின கடி மாதிரி...”

“நாயோட காதுலயும் கழுத்துலயும் என்ன வடு?”

“ஆறிப்போன கடி. வேற நாய்ங்க கடிச்சது. நிறைய இருக்கு.”

மனைவி திரும்பினாள். “முள்வேலி கிழிச்சதுன்னு பயிற்சிக்காரர் சொன்னாரே! வாரா வாரம் பழக்கக் கூட்டிட்டுப் போவாரு. நேத்து என் வீட்டுக்காரர்கூட அந்த வடுவையே உத்து உத்துப் பார்த்தாரு.”

“இந்தப் பந்து?”

“எங்க வீட்டுல பந்தே கிடையாது மேடம். குட்டியா இருக்கும்போது ஒண்ணை முழுங்கி, வயித்தைக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க.”

ஏட்டு ஒருவனைக் கூட்டி வந்தார். இடுப்பில் தோல்பை, மூச்சிரைப்பு. நாய்ப் பயிற்சிக்காரன்.

“இப்பதான் கேள்விப்பட்டேன் மேடம். ஓடி வரேன்.”

“இதைக் கடிக்கப் பழக்கினியா?”

“சத்தியமா இல்ல. உட்காரு, நில்லு, வா. அவ்வளவுதான்.”

“காலையில இங்க வந்தியா?”

“நான் ஏன் வரேன்?”

“சரி. அந்தப் பந்தை மட்டும் வாங்கிக் கொடு. எங்க யாருக்கும் தைரியம் இல்ல.”

அவன் கூண்டைத் திறந்து கை நீட்டினான். பூசணி பந்தை உடனே அவன் உள்ளங்கையில் போட்டது.

“கடிச்ச நாய் சொன்னதும் விட்டா, கையோட ஒரு பந்து கொடுக்கணும். இல்லேன்னா அடுத்த தடவை விடாது” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “எங்க போலீஸ் நாய்க்கும் அதே கூலிதான். பந்து இல்லாத வீட்டுல, ரத்த வாயோட நிக்கிற நாய்க்கு யார் பந்து கொடுக்க முடியும்? மைத்துனர் ஏணியை விட்டே இறங்கல. நீ இதை நாய்ச்சண்டைக்குக் கூட்டிட்டுப் போனதை முதலாளி கண்டுபிடிச்சுட்டாரு. நீ ஏவினே. அவர் அடங்கினதும் விடச் சொன்னே. பழக்கதோஷம், கை தானா பைக்குப் போச்சு. பந்தைக் கொடுத்துக் கூண்டுல அடைச்சுட்டே.”

அவன் இன்ஸ்பெக்டரம்மாவை நோக்கிக் கை காட்டினான்.

“பாய்!”

பூசணி பாய்ந்தது. இன்ஸ்பெக்டரம்மாவின் இடது முன்கை அதன் வாய்க்குள் போனது. எலும்பு முறிந்த சத்தம் ஏணி உச்சிவரை கேட்டது. கதவுக்கு ஓடியவனை ஏட்டு காலை வாரிக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்தார்.

டாக்டர் ஊசியோடு ஓடி வந்தார்.

“வேண்டாம்!” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் இன்ஸ்பெக்டரம்மா. முன்கையிலிருந்து ரத்தம் கொட்டியது. “அது செத்தா இவன் பிழைச்சுடுவான். இவன் சொல்லுக்குத்தான் அடங்கும்னு காட்ட வேற ஆதாரம் இல்ல. டேய், விடச் சொல்லு!”

அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அந்த ஒரு சொல் தூக்குக்கயிறு என்று அவனுக்குத் தெரியும்.

மனைவி ஓடி வந்தாள். அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, ஏட்டும் சேர்ந்து இழுக்க, பூசணியின் கடைவாய் வரை அவன் முகத்தைத் தள்ளினாள்.

“என் புருஷனைத் தின்ன வாய்டா இது. அடுத்தது உன் மூஞ்சி!”

“விடு!” என்று அலறினான். “விடு, விடு!”

தாடை திறந்தது. பூசணி பின்வாங்கி உட்கார்ந்தது.

டாக்டர் தன் துண்டால் இன்ஸ்பெக்டரம்மாவின் கையை இறுக்கிக் கட்டினார். “இப்பவாவது ஊசி போடட்டுமா மேடம்? ஒரே நாள்ல ரெண்டு பேர்.”

“இனிமே இது வீட்டு நாய் இல்ல. தப்பான கையில பழகின நாய், இரும்புக் கம்பிக்குப் பின்னாலதான் இருக்கணும்.” வலியில் அவர் கண் சொருகியது. “ஆனா கோர்ட் முடியற வரைக்கும் இது என் சாட்சி. சாட்சி மேல ஊசி பட்டா, உங்களையும் சேர்த்து உள்ள தள்ளிடுவேன்.”

டாக்டர் ஊசி முனைக்கு மூடியைப் போட்டார். மனைவி வாய்க்கவசத்தை எடுத்து மண்டியிட்டாள். புருஷனின் ரத்தம் காயாத அந்த முகத்தில் வாரை இழுத்துப் பூட்டினாள். பூட்டிய பிறகுதான் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள்.