அறுபதில் நின்ற முள்

"கார்பரேட்டர் என்பது எஞ்சினின் ஆன்மா. ஆன்மாவை அறிந்தவன் மரணத்துக்கும் அஞ்சான்."

ஒர்க்‌ஷாப் வாசலில் அன்று காலைதான் மாட்டிய பலகையில் இந்த வாசகம் தங்க நிறத்தில் மின்னியது. வாசகத்துக்குச் சொந்தக்காரரான சின்னவர், பல்லி கத்தினாலே ஸ்டூலில் ஏறி நிற்பவர். இது பெயிண்டருக்குத் தெரியாது.

ஒர்க்‌ஷாப் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. மதியம் மூன்று மணிக்கு அண்ணி வந்து இறங்கினாள். நிமிர்ந்து பலகையைப் படித்தாள்.

"பலகை நல்லாத்தான் இருக்கு. வண்டி?"

"வழுக்கிக்கிட்டுப் போகும் அண்ணி."

"பாத்துடுவோம். குவாரி வரைக்கும் ஓட்டுங்க. அறுபதுலயே போகணும். அந்த வேகத்துல ஒரு விக்கல் விக்குச்சுன்னாலும் கடைச் சாவி என் தம்பிகிட்டப் போயிடும்."

வண்டி, அண்ணன் ஆசையாகச் செதுக்கிய இரண்டு கதவுக் கார். பெடலை முழுக்க மிதித்தால் இப்போதும் பறக்கும். நோகாமல் மிதித்துச் சீராகப் போனால்தான் விக்கும். அண்ணன் இருந்தவரை விக்கியதில்லை. மைலேஜ் காட்டிப் பெயர் வாங்க வேண்டுமென்று சின்னவர், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் போகும் பித்தளை ஜெட் இரண்டையும் கழற்றிவிட்டுச் சின்ன ஓட்டை ஜெட்டுகளை யாருக்கும் தெரியாமல் மாட்டியிருந்தார். எஞ்சின் பட்டினியில் விக்க ஆரம்பித்தது. இன்று காலை பழைய ஜெட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குள் பலகை வந்துவிட்டது. கோணல் கோணல் என்று அதை நான்கு முறை இறக்கி ஏற்ற வைத்தார்.

இப்படி விக்கும் வண்டி வந்தால் அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஏர் பில்டரைக் கழற்றுவார். ஓடுகிற கார்பரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடுவார். காற்று குறைந்து விக்கல் நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அந்த வலது கையில் மோதிர விரல் கிடையாது. என்றோ பேன் பெல்ட் எடுத்துக்கொண்டது.

அண்ணி பின் சீட்டில் உட்கார்ந்தாள். வெயிலில் சாலை வெறிச்சென்று கிடந்தது.

நாற்பதில் ஒரு விக்கல். ஐம்பதில் இரண்டு. அண்ணி மூக்கால் சிரித்தாள்.

"இன்னும் சூடாகல அண்ணி."

அறுபது.

விக்கல் நின்றது.

எஞ்சின் ஒரே சுருதியில் முனகியது. காருக்குள் தலைவலித் தைல வாசனை பரவியது. அண்ணன் நாள் முழுக்க நெற்றியில் பூசிக்கொள்ளும் தைலம்.

"பாத்தீங்களா? கை பட்டா போதும்!" என்று சின்னவர் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

முள் அறுபதிலேயே நின்றது.

பெடல் மேலே வரவில்லை. யாரோ அளவாக மிதித்துக்கொண்டிருப்பதுபோல் கால்வாசி இறங்கியே இருந்தது. பிரேக்கை மிதித்தார். கல்லை மிதித்ததுபோல் இருந்தது. சாவியைத் திருப்பினார். சாவி கையோடு வந்தது. அதைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார்.

எஞ்சின் ஓடியது. சீராக.

"யார்றா ஜெட்டைக் குறைச்சது?"

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வந்தது அந்தக் கிசுகிசுப்பு.

"அண்ணி, ஏதாவது சொன்னீங்களா?"

"நான் வாயே திறக்கல."

குவாரி விளிம்பு தெரிந்தது. அதற்குப் பிறகு சாலை இல்லை.

சின்னவரின் கணுக்காலை ஏதோ பற்றியது. சில்லென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு. அழுந்திய விரல்களை அவரால் எண்ண முடிந்தது.

நாலு.

"யார்றா?"

"நான்தான் அண்ணா! நான்தான் குறைச்சேன்! விட்ருண்ணா!"

கார் நின்றது. முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

அண்ணி இறங்கி பானெட்டைத் திறந்தாள். ஏர் பில்டர் கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. கார்பரேட்டரின் வாயைச் சுற்றி, பெட்ரோல் ஈரத்தில், ஓர் உள்ளங்கைத் தடம். நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் ஒன்றுமில்லை. அந்தக் கொதிக்கும் இரும்பில், அவர்கள் பார்த்துக்கொண்டே நின்ற நேரம் முழுக்க, அது காயவே இல்லை.

அண்ணியின் குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது. "பழைய ஜெட்டைத் திரும்ப மாட்டியாச்சா?"

"காலைலயே மாட்டிட்டேன் அண்ணி." சின்னவருக்கு அதற்குள் தொழில் கௌரவம் திரும்பியிருந்தது. "இல்லேன்னா இப்படிப் போகுமா? அறுபதுல ஒரு விக்கல் இருந்துச்சா, சொல்லுங்க?"

அண்ணி கையை நீட்டினாள். "சாவி."

சின்னவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

சாவியோடு பழைய ஜெட் இரண்டும் வந்தன.