பாறைப் பக்கம் திரும்பிய படகு

“தூங்கிட்டேன்னு ஒத்துக்கணுமாம் சார். ஒத்துக்கிட்டா வேலை மட்டும்தான் போகுமாம். இல்லேன்னா லைசென்ஸே போயிடும்னு முதலாளி மிரட்டறார். நான் தூங்கல. தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன்.”

துப்பறிபவர் நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றாள் அந்தப் பெண். பாய்மரப் படகின் கேப்டன். படகின் முதலாளி, துப்பறிபவரின் கல்லூரித் தோழர்.

“அவர் உங்க ஃப்ரெண்டுன்னு தெரிஞ்சேதான் வந்தேன்” என்றாள்.

துப்பறிபவரின் உதவியாளருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. படபடவென்று பேசுவதால் அந்த உதவியாளப் பெண்ணுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். “அப்படிப் போடுங்க! என்ன நடந்துச்சு?”

முதலாளியும் அவருடைய மச்சானும் ஞாயிற்றுக்கிழமை கரையோரமாக ஒரு சுற்றுப் போயிருக்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும் முதலாளி உள்ளறையில் அதிகாரமாகக் குறட்டை விட்டார். முன்பாயின் கயிறு சிக்கிக்கொள்ள, சுக்கானைத் திருப்பும் மரப்பிடியை, “அசைக்காம பிடிச்சுக்குங்க” என்று மச்சானிடம் கொடுத்துவிட்டு இவள் முன்னால் போனாள். சற்று நேரத்தில் படகு கரைப் பக்கம் திரும்பிப் பாறையில் மோதியது. மச்சானோ, தான் பிடியைத் தொடவே இல்லை, அவள்தான் அதைப் பிடித்தபடி தூங்கி வழிந்தாள் என்று சாதிக்கிறார்.

“சாட்சி?” என்றாள் பட்டாசு.

“ஒருத்தரும் இல்ல.”

துப்பறிபவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “காத்து எங்கேர்ந்து?”

“கடல்லேர்ந்து.”

அவர் தோழருக்குப் போன் போட்டார். “டேய், படகுல வா வான்னு எத்தனை தடவை கூப்பிட்ட! ரிப்பேர் முடிஞ்சதும் வர்றேன். மச்சானும் இருக்கட்டும். அந்தப் பொண்ணே ஓட்டட்டும்.”

ரிப்பேர் முடிந்து எல்லோரும் படகில் போன அன்றும் கடற்காற்றுதான். கரை தூரத்தில் சோம்பலாக நகர்ந்தது. டீயைக் குடித்து முடித்த பிறகுதான் துப்பறிபவர் வாயைத் திறந்தார்.

“தூங்கறவங்க கை தளர்ந்துடும் இல்லையா? அம்மா, பிடியை விட்டுடுங்க.”

அவள் விட்டாள். படகு தானாகவே மெல்லக் கடல் பக்கம் திரும்பி, காற்றுக்கு எதிரே முகம் காட்டியது. பாய்கள் படபடத்தன. படகு அப்படியே நின்றுவிட்டது.

“பிடியை விட்டா பாய்மரப் படகு காத்து வர்ற பக்கம் திரும்பும். காலேஜ்ல நீயும் நானும் சேர்ந்து கத்துக்கிட்டதுதான்டா இது. படகு வாங்கினதும் மறந்துட்ட. பாறை எந்தப் பக்கம்?”

“கரைப் பக்கம்” என்றார் முதலாளி. குரலில் சுருதி இறங்கியிருந்தது.

“அப்போ தூங்கின கையால அது நடக்கல. முழிச்சிருந்த யாரோ வேணும்னே பாறைப் பக்கம் திருப்பியிருக்காங்க. நீ உள்ளே தூங்கிட்டிருந்த. இதுக்குக் கொலை முயற்சின்னு பேரு.”

மச்சான் துள்ளி எழுந்தார். “கொலையா? அத்தான், சத்தியமா இல்ல! பாறையைப் பார்த்ததும் கடல் பக்கம்தான் பிடியைத் தள்ளினேன்! இந்தச் சனியன்தான் கரைப் பக்கம் ஓடிச்சு!”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பது மச்சானுக்குக் கடைசியாகத்தான் உறைத்தது.

“கார் ஓட்டற பழக்கம்” என்றார் துப்பறிபவர். “ஸ்டியரிங்கைத் திருப்பற பக்கம் கார் போகும். இந்தப் பிடியைத் தள்ளினா படகு எதிர்ப் பக்கம் போகும். இந்தத் தப்பைக் கேப்டன் செய்ய மாட்டாங்க. கொலை எல்லாம் சும்மா. பயத்துல செஞ்சது. ஆனா அதுக்கப்புறம் சொன்ன பொய், பயத்துல சொன்னது இல்ல.”

பட்டாசு கைதட்டியே விட்டாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். “சரிம்மா, நீ வேலையில இரு. துறைமுக ஆபீஸ்ல மட்டும் சுக்கான் கோளாறுன்னு சொல்லிடலாம். குடும்ப மானம் பாரு.”

“என் மேல போட முடியலேன்னதும் சுக்கான் மேலயா?” அவள் பிடியைக் கையில் எடுத்தாள். பாய் மறுபடி காற்றை வாங்கியது.

“எங்கே போற?”

“துறைமுக ஆபீசுக்கு. உங்க மச்சான் வாயாலேயே சொல்லட்டும்.”

“இது என் படகு!”

“படகு உங்களுதுதான். கரை சேர்ற வரைக்கும் கேப்டன் நான். உக்காருங்க.”

முதலாளி உட்கார்ந்தார்.