இருந்த இடத்திலிருந்து ஒரு படம்

எங்கள் அத்தை ஸ்டூலிலிருந்து விழுந்தபோதுகூடக் கேமராவைக் கீழே விடவில்லை. கால்தான் உடைந்தது.

அந்த வாரத் தலைப்பு ‘மேலிருந்து கீழே’. கொடியில் காயும் துணிகளை மேலேயிருந்து எடுக்கலாம் என்று ஒரு ஸ்டூலின் மேல் இன்னொரு ஸ்டூலைப் போட்டு ஏறினார் அத்தை. விழும்போது விரல் பட்டு ஒரு படமும் பதிவாகிவிட்டது. அதில் பாதி வானம், ஒரு தலையணை உறை, அத்தையின் இடது பாதம்.

“தலைப்புக்கு இவ்ளோ பொருத்தமா இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல” என்று மருந்துக்கடை மாமா ஆஸ்பத்திரிக்கே வந்து சொன்னார். அன்றைக்கு அத்தையும் சிரித்தார்.

தலைப்பு, வாரம் என்றெல்லாம் சொல்கிறேனே, அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். போனில் ‘கிளிக் கூட்டம்’ என்று எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. பஸ் ஓட்டும் எங்கள் அத்தை, மருந்துக்கடை மாமா, நர்ஸ் அக்கா, கணக்கு டீச்சர், ஜெராக்ஸ் கடை மாமா, பிளம்பர் அண்ணன், அப்புறம் பத்து வயதான நான். ஆக மொத்தம் ஏழு பேர். கூட்டத்தில் எனக்கு வாலு என்று பெயர். காரணம் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை ஒரு தலைப்பு வரும். சனிக்கிழமைக்குள் ஆளுக்கு ஒரு படம் போட வேண்டும். ஞாயிறு மாலை ஓட்டு. யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தன் படத்துக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. ஜெயித்தவருக்குப் பரிசு எதுவும் கிடையாது. அடுத்த வாரத் தலைப்பை அவர் சொல்லலாம், அவ்வளவுதான். அதற்கே அத்தனை போட்டி.

பிளம்பர் அண்ணன் மட்டும் எந்தத் தலைப்புக்கும் ஒரு குழாயைத்தான் எடுப்பார். ‘சிரிப்பு’ என்று தலைப்பு வந்தபோது வளைந்த குழாய். ‘நட்பு’ என்று வந்தபோது இரண்டு குழாய்கள்.

என்னைக் கூட்டத்தில் சேர்த்தது அத்தைதான். “சின்னப் பொண்ணு, நடுவுல விட்டுட்டுப் போயிடுவா” என்று டீச்சர் தயங்கியபோது, “அவ விட்டா நானும் விடறேன்” என்று எனக்காகப் பேசியவர் அவர். அதை நான் மறக்கவே மாட்டேன்.

அப்படிப்பட்ட அத்தை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்து நாளில் ஆளே மாறிப்போனார். இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. எட்டு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் அவரிடம் மெதுவாகப் பேசினோம். அத்தை எது சொன்னாலும் அப்பா தலையாட்டினார். அத்தையும் அப்பாவும் அக்கா தம்பி. அதற்கு முன்னால் எதற்கும் சண்டை போடாமல் இருந்ததே இல்லை.

அந்த வாரத் தலைப்பு ‘பாலம்’. அன்று காலை அத்தை என்னைக் கூப்பிட்டுக் கேமராவை நீட்டினார்.

“இந்தா. இனிமே நீயே வச்சுக்கோ.”

“இந்த வாரத்துக்கா அத்தை?”

“எப்பவும்தான். படுத்துக் கிடக்கறவளுக்கு எதுக்குப் படமும் போட்டியும்.”

வேறு நாளாக இருந்தால் அந்தக் கேமராவுக்காக நான் குதித்திருப்பேன். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. அத்தை கேமராவை மட்டும் கொடுக்கவில்லை, எல்லாவற்றையுமே விட்டுவிட்டார் என்று தோன்றியது.

அந்தக் கேமராவில்தான் பாலம் எடுத்தேன். மழைக்கு நடைப்பாலத்தின் அடியில் ஒதுங்கி நின்ற ஒருவர், ஒரு நாய், ஒரு சைக்கிள். ஐந்து ஓட்டு விழுந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக நான் ஜெயித்தேன்.

இனி நான் தலைப்புச் சொல்ல வேண்டும். என்றாவது ஜெயித்தால் சொல்லலாம் என்று ஒரு தலைப்பை மனசுக்குள் பொத்தி வைத்திருந்தேன். அது ‘கூடு’. எங்கள் மாடிப்படியில் மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள். இன்னும் நாலைந்து நாளில் பறந்துவிடும். அந்தக் கூடு எனக்கு மட்டும்தான் தெரியும். ‘கூடு’ என்று சொன்னால் அடுத்த வாரமும் ஜெயிப்பேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையின் அறையை எட்டிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

‘கூ’ என்று அடித்தேன். அழித்தேன். பிறகு இப்படி அடித்தேன்: “தலைப்பு: ஒரே இடம். ஓர் இடத்தில் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கக் கூடாது. அங்கிருந்தே எடுக்க வேண்டும்.”

“ஐயையோ, நான் நாள் முழுக்க ஓடுறவ” என்று நர்ஸ் அக்கா எழுதினார். “நான் சிங்க்குக்கு அடியிலதான் இருப்பேன், எனக்கு ஓகே” என்று பிளம்பர் அண்ணன் எழுதினார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அத்தையின் குரல் கேட்டது. “வாலு, இங்க வா.”

போனேன்.

“இது எனக்காகப் போட்ட தலைப்புதானே?”

எனக்குப் பொய் வராது. சொல்ல முயன்றாலே காது சிவந்துவிடும். “ஆமா அத்தை” என்றேன்.

“என்னை யாரும் பாவம் பாக்க வேணாம். போய்ப் படி.” மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. நல்லது செய்யப் போய் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டேனே என்று இருந்தது.

சரி, என் படத்தையாவது எடுப்போம் என்று மறுநாள் வாசல் படியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கக் கூடாதே. ஒரு செருப்பை எடுத்தேன். சுவரை எடுத்து அழித்தேன். இன்னொரு செருப்பை எடுத்தேன். புதன்கிழமைவரை எடுத்தும் என்னிடம் இருந்தவை பதினேழு செருப்புப் படங்கள். இவ்வளவு கஷ்டமான தலைப்பை எந்த மடையன் சொன்னான் என்று கோபமாக வந்தது. அப்புறம்தான் அந்த மடையன் யாரென்று நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை குருவிக் குஞ்சுகளும் பறந்துவிட்டன. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன். வெறும் கூடுதான் இருந்தது.

கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. நேரே அத்தையிடம் போனேன்.

“அத்தை, நான் பாவம் பாக்க வரல. எனக்கு உதவி வேணும்.”

அவர் திரும்பவில்லை. நான் விடவில்லை.

“ஒரே இடத்துல உட்கார்ந்தா எனக்குச் செருப்பைத் தவிர ஒண்ணும் தெரியல. நீங்க பதினாலு வருஷமா ஒரே சீட்டுல உட்கார்ந்துதானே பஸ் ஓட்டறீங்க. உங்களுக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரியுது?”

சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது. “கண்ணாடி.”

“என்ன அத்தை?”

அத்தை இந்தப் பக்கம் திரும்பினார். “டிரைவருக்கு ரெண்டு கண்ணு பத்தாது. வெளியில ரெண்டு கண்ணாடி, உள்ளே ஒண்ணு. யார் தூங்கறாங்க, யார் ஜன்னல் வழியா கையை நீட்டறாங்க, கடைசி சீட்டுல யார் சண்டை போடறாங்க, எல்லாம் அதுலதான். சீட்டை விட்டு ஏன் எழுந்திருக்கணும்?” என்றவர், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “வீட்ல எத்தனை கண்ணாடி இருக்கு?”

இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். அப்பா முகம் மழிக்கும் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் கட்டினேன். அம்மாவின் கைக்கண்ணாடியைக் கதவுக் கைப்பிடியில் மாட்டினேன். அலமாரிக் கதவில் இருந்த ஆளுயரக் கண்ணாடியை அத்தை சொன்ன அளவுக்குத் திறந்து வைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம். அது இடதா? நீ வண்டி ஓட்டினா ஊரு தாங்காது. ஆங், அப்படியே விடு.”

இத்தனை நாளாக அத்தை இவ்வளவு பேசவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொண்டால் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

“கேமராவைக் குடு” என்றார். கொடுத்தேன். “நீ போய் உன் வேலையைப் பாரு.”

நான் மறுபடி படிக்குப் போனேன். அம்மாவின் பவுடர் டப்பாவில் இருந்த குட்டிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனேன். என் பதினெட்டாவது படத்தில் செருப்பு இல்லை.

சனிக்கிழமை அத்தை தன் படத்தைப் போட்டார். கட்டிலின் ஓரம், மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிய கால் விரல்கள், சுற்றிலும் மூன்று கண்ணாடிகள். ஒன்றில் அம்மா, ஒரு கையில் அத்தையின் மருந்துச் சீட்டும் இன்னொரு கையில் கரண்டியுமாக அடுப்படியில் நிற்கிறார். இன்னொன்றில் அப்பா, அத்தையின் போர்வையைக் கொடியில் உதறிப் போடுகிறார். பெரிய கண்ணாடியில் நான். வீட்டுப்பாட நோட்டுக்குப் பின்னால் பிஸ்கட் டப்பாவை மறைத்துக்கொண்டு தின்கிறேன்.

அன்று அத்தையின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் எல்லோரிடமும் சொன்னார்: “நீங்கள்லாம் எனக்காக எவ்ளோ ஓடறீங்கன்னு சுவத்தைப் பாத்துட்டே இருந்தவளுக்குத் தெரியல. கண்ணாடியில தெரிஞ்சுது. ரொம்ப நன்றி.” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா குனிந்து தட்டையே பார்த்தார். பிறகு அம்மா நிமிர்ந்து, “அந்த பிஸ்கட் விஷயத்தை அப்புறம் பேசிக்கறேன்” என்றார் என்னிடம்.

ஞாயிறு மாலை. கட்டிலில் அத்தையும் நானும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தோம்.

பிளம்பர் அண்ணன் சிங்க்குக்கு அடியில் படுத்தபடி எடுத்த குழாய்க்கு ஓட்டே விழவில்லை. என் படத்துக்கும் இல்லை. எல்லா ஓட்டும் இரண்டே படங்களுக்குத்தான். ஒன்று அத்தையுடையது. மற்றது மருந்துக்கடை மாமாவுடையது. அவர் கடைக் கண்ணாடித் தடுப்பில் மருந்து வாங்க ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கைகள் மட்டும்தான் தெரியும். மருந்துச் சீட்டைப் பிடித்த ஒரு சுருங்கிய கை. அது நடுங்காமல் இருக்க, கீழேயிருந்து அதைத் தாங்கிப் பிடித்த ஒரு சின்னக் கை.

நர்ஸ் அக்கா, பிளம்பர் அண்ணன், மருந்துக்கடை மாமா மூவரும் அத்தைக்குப் போட்டார்கள். டீச்சர், ஜெராக்ஸ் கடை மாமா, அத்தை மூவரும் மருந்துக்கடை மாமாவுக்குப் போட்டார்கள். மூணுக்கு மூணு. மிச்சம் இருந்தது என் ஓட்டுதான்.

அத்தை ஜெயிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. என் விரல் அசைந்தால் போதும், அவர் ஜெயித்துவிடுவார். ஆனால் அந்தக் கைகளை நான் காலையிலிருந்து ஏழெட்டு முறை திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். அத்தையின் கால் உடையாமல் இருந்தால் யாருக்குப் போடுவேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மருந்துக்கடை மாமாவுக்குப் போட்டேன்.

அத்தை போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“அந்தப் படம்தான் அத்தை நல்லா இருந்துச்சு” என்றேன்.

“நானும் அதுக்குத்தானே போட்டேன்” என்றார் அத்தை. என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “கால் உடைஞ்சதிலேர்ந்து எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசறாங்க, விட்டுக் குடுக்கறாங்க. நீ ஒருத்திதான் என்னைப் பழைய ஆளா நினைச்சு தோக்கடிச்சே. நன்றிடா வாலு.”

போன் சத்தம் போட்டது. மருந்துக்கடை மாமா திங்கட்கிழமைவரை காத்திருக்காமல் அடுத்த தலைப்பைப் போட்டிருந்தார்: “ஓட்டம்.”

ஒரு நிமிடத்தில் அவரே பதறிப்போய் எழுதினார். “மன்னிச்சுக்கோங்க, யோசிக்காமப் போட்டுட்டேன். வேற மாத்திடறேன்.”

அத்தை ஒற்றை விரலால் தட்டி எழுதினார். “மாத்தினா நான் கூட்டத்தை விட்டே போயிடுவேன்.” பிறகு போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். “நாளைக்கு ஸ்கூல் விட்டதும் பசங்க எல்லாம் எந்தப் பக்கம் ஓடுவாங்க?”

“தெருப் பக்கம்தான் அத்தை.”

“அப்போ என்ன பாத்துட்டு நிக்கறே? கூப்பிடு உங்கப்பா அம்மாவை.”

அப்பா கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்தார், அம்மா ஒரு மூலையைப் பிடித்தார், நான் நடுவில் நின்றேன். அத்தை தலையணையில் சாய்ந்து, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

“பதினாலு வருஷமா கண்டக்டர் சொல்லி நான் கேட்டிருக்கேன். இன்னைக்கு நான் சொல்றேன். போலாம், ரைட்.”

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். அத்தையோடு கட்டில் தெருப் பக்க ஜன்னலை நோக்கி நகர்ந்தது.