அடங்காத கார்வை

பழைய ஒலிப்பதிவுக் கருவிகளை அப்படியே நகலெடுத்து மென்பொருளாக்குவதுதான் அவன் பிழைப்பு. அதற்காகத்தான் மூடிக்கிடந்த அந்த ஸ்டுடியோவுக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனான். அவள் பாடகி. அந்தக் குரலுக்காகவே அவளைக் கட்டிக்கொண்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் அவன்.

நிலவறையில் துருவாடை மூக்கைத் துளைத்தது. ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. அதற்குள் இழுத்துக் கட்டிய எஃகுத் தகடு. ஒரு பக்கம் ஒலியைக் கொடுத்தால் தகடு அதிர்ந்து, மறுபக்கம் மெல்ல அடங்கும் நீண்ட ரீங்காரமாக, கார்வையாக வெளிவரும். அதைத்தான் அளந்துகொண்டு போக வேண்டும். மறுநாள் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள்.

"சோதனை ஒலியை மட்டும் விடுங்க தம்பி," என்றாள் சாவி கொடுத்த ஸ்டுடியோ உரிமையாளர் அம்மாள். "மனுசக் குரல் வேண்டாம். எங்க வீட்டுக்காரர் ஒருநாள் அதுல பாடிப் பார்த்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் சாகுற வரைக்கும் பேசவே இல்ல."

அந்த அம்மாள் படியேறிப் போனதும் புருஷனும் பெண்டாட்டியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சீழ்க்கை போன்ற சோதனை ஒலி கச்சிதமாகப் பதிவானது. ஆனாலும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. வெறும் சீழ்க்கையை வைத்து இதை எடைபோட முடியுமா? "ஒரே ஒரு வரி பாடும்மா," என்றான்.

பாடினாள். சில நொடிகளில் அடங்க வேண்டிய கார்வை இழுத்துக்கொண்டே போனது.

அதன் கடைசியில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

ஏதோ இரைச்சல் என்று நினைத்து, அந்தக் கார்வையை மூச்சோடு சேர்த்தே மென்பொருளில் போட்டுவிட்டான்.

தகட்டை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்ட அதே காலையில், சமையலறையில் நின்று அவள் அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

தொண்டையில் ஒரு கோளாறும் இல்லையென்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னது அவனுக்கு நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மென்பொருளைத் திறந்து, ஒரு சின்ன 'டக்' ஒலியை உள்ளே விட்டான்.

ஸ்பீக்கரில் அவள் பாடினாள். அதே வரி.

கூடவே ஒரு கிழவரின் முனகல்.

அழித்துவிடலாம். அழித்தால் அவள் குரல் உலகத்தில் எங்கேயும் இருக்காது. தகடும் போய்விட்டது. பக்கத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது. மைக்கை இழுத்து, மென்பொருளுக்குள் கதறினான்.

"வந்துரும்மா. எங்கிட்ட வந்துரும்மா."

கார்வை எழுந்தது. நீண்டது.

பிறகு அவள் குரல், ரகசியம் போல.

"நீங்க ஏங்க உள்ள வந்தீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

காற்றுதான் வந்தது.

ஸ்பீக்கரில் அவன் குரல் அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. நடுவில் கிழவரும் ஏதோ சொன்னார். மனைவி மின்சாரத்தைத் துண்டித்தாள். திரை இருண்டது. ஸ்பீக்கரின் விளக்கும் அணைந்தது.

மூன்று பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.