இடப்பக்கம் இருந்த தம்ளர்

மனித மூளையைவிட மகத்தான சாம்ராஜ்யம் இந்தப் பிரபஞ்சத்தில் வேறொன்றுமில்லை. மூளை விழிப்பு நிலையத்தின் வாசலில் இப்படித்தான் பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. அதற்கு நேர் கீழே, 'செருப்பு காணாமல் போனால் நிலையம் பொறுப்பல்ல' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது.

அந்த நிலையத்தின் மாடியில் நேற்று ஒருவர் இறந்துபோனார். அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ், இன்று காலை துப்பறிவாளர் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள என்னைக் கைது பண்ணிடுவாங்க சார். தூக்க மருந்தை அளவுக்கு மேல கரைச்சு வச்சுட்டுப் போயிட்டேன்னு சொல்றாங்க. நான் வைக்கவே இல்ல."

இறந்தவர் நிலையத் தலைவரின் அண்ணன். உடற்கூறு ஆசிரியராக இருந்தவர். மூன்று மாதங்களுக்கு முன் மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தம்பிக்கு 'மூளைச் சக்கரவர்த்தி' என்று பட்டம். பட்டம் வழங்கிய சங்கத்துக்கும் அவரேதான் தலைவர்.

"அண்ணன் தம்பிக்குள்ள எதாவது மனத்தாங்கலா?"

"பெரியவர் பத்திரிகைக்கு லெட்டர் எழுதச் சொன்னாரு சார். 'மூளையில பத்து சதவிகிதம்தான் நாம பயன்படுத்துறோம்னு தம்பி ஊர் ஊராப் பேசுறது சுத்தப் புளுகு, அவன் பேர்ல வந்த புத்தகமும் நான் எழுதுனது'ன்னு. இன்னைக்குக் கையெழுத்துப் போடறதா இருந்தாரு."

துப்பறிவாளரின் மைத்துனர் துள்ளி எழுந்தார். சக்கரவர்த்தியின் ஞாபகசக்தி வகுப்பில் தேறியவர் அவர். "உடனே கிளம்பலாம் அத்தான்!" என்றவர், குறிப்பேட்டை மறந்துவிட்டுப் படியிறங்கினார்.

மாடி அறையில் இன்ஸ்பெக்டரும் சக்கரவர்த்தியும் இருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டை இன்னும் யாரும் எடுக்கவில்லை. வலது பாதி காலி, இடது பாதி தொடாமல் காய்ந்திருந்தது. சுவரில் பெரியவர் வரைந்த ஒரு கடிகாரப் படம். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களும் வட்டத்தின் வலப்புறத்தில் பஸ் கூட்டம்போல நெருக்கியடித்தன. இன்ஸ்பெக்டர் நீட்டிய புகைப்படத்தில், பிணத்தின் வலது கன்னம் மழமழவென்றும் இடது கன்னம் தாடியோடும் இருந்தன.

"நர்ஸ் அரைகுறை வேலைக்காரி அத்தான். சவரம்கூடப் பாதிதான்!"

"அவரேதான் பண்ணிக்குவாரு," என்றாள் கூட வந்திருந்த நர்ஸ். "முடிஞ்சிருச்சும்மாம்பாரு."

துப்பறிவாளர் சக்கரவர்த்தியிடம் பணிவாகக் கேட்டார். "நீங்க பார்த்ததை இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

சக்கரவர்த்தி மேடையில் நிற்பதுபோல் நின்றார். "மதியம் ஒரு மணி. இந்தப் பெண் மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போயிருந்தாள். அண்ணனைப் பார்க்க வந்தேன். இதோ, அண்ணனுக்கு இடப்பக்க மேசையில் தம்ளர். அண்ணன் திரும்பிப் பார்த்தார். 'அதோ என் மருந்து' என்றார். வலது கையை நீட்டி, தானே எடுத்துக் குடித்தார். எமனை என் கண்ணாலேயே பார்த்தேன்!"

"அப்ப வேற யாராவது இருந்தாங்களா?"

"நானும் அண்ணனும் மட்டுமே."

"எந்தக் கைன்னு சரியா யோசிச்சிருக்கீங்க. எந்தப் பக்கம்னு யோசிக்கல," என்றார் துப்பறிவாளர். "உங்க அண்ணனுக்குக் கண்ணுல குறை கிடையாது. ஆனா மூளையில வலப்பக்கம் அடிபட்டா, சிலருக்கு இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாமப் போயிடும். கண் பார்க்கும், மூளை சட்டை பண்ணாது. பாதித் தட்டைச் சாப்பிட்டுட்டு வயிறு நிறையலையேம்பாங்க. பாதி முகத்தை வழிச்சுட்டு முடிஞ்சுதும்பாங்க. பன்னிரண்டு மணியையும் ஒரே பக்கத்துல அடைப்பாங்க. அம்மா, தம்ளரை எங்கே வைப்பீங்க?"

"வலப்பக்கம்தான் சார். டாக்டர் உத்தரவு. இந்தப் பக்கம் வச்சா அவருக்கு அது இல்லவே இல்ல."

"இல்லாத தம்ளரை அவர் எப்படிப் பார்த்தார்? எப்படி எடுத்தார்?" துப்பறிவாளரின் குரல் உயரவில்லை. "நீங்கதான் அந்தப் பக்கம் நின்னு வாயில ஊத்தினீங்க. நின்ன இடத்துலயே தம்ளரை வச்சீங்க. நீங்க அந்தப் பக்கம் நின்னதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது, நர்ஸ் குடுக்கிற மருந்துன்னு குடிச்சிருப்பார்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"முப்பது வருஷமா மூளையையே கரைச்சுக் குடிச்சவன்யா நான்!" என்று சக்கரவர்த்தி கத்தினார். இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

சக்கரவர்த்தியின் பேரில் வந்த புத்தகத்தில் இந்தக் கோளாறு எண்பத்து நான்காம் பக்கத்தில் விவரமாக இருக்கிறது. மைத்துனர் அலமாரியிலிருந்து சக்கரவர்த்தியின் சொந்தப் பிரதியை எடுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம், அச்சகத்திலிருந்து வந்தபடியே, வெட்டுப்படாமல் அடுத்த தாளோடு ஒட்டியிருந்தது.